நல்லதொரு கைவிளக்கைத் தேர்ந்து கொள்ளுமாறு

குறிஞ்சித் திணைப் பாடல்களைக் கற்போர், தினைப்புனத்துப் பரண்மீதிருந்து கொள்ளியைச் சுழற்றி யானையை விலக்கும் கானவரை நன்கறிவர். முல்லைப்பாட்டிலோ, பாசறையின்கண் மகளிர் நெய்க்குழாய் ஏந்தி நின்று விளக்கு அவியுந்தோறும் திரி கொளுத்துதல் கூறப்படுகின்றது. இரவிற் கையில் ஒளியேந்திச் செல்லுதல் தமிழர்க்குப் புதிய செயலன்று. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. கானவன் தன் கொள்ளி எத்துணை நேரம் எரியும் என்பதைக் கண்ணாற் கண்டே அறிந்தான். விறகின் பருமனே அதற்குச் சான்றாயிற்று. இந்நாளில் நாம் விலைகொடுத்து வாங்கும் மின்சாரக் கைவிளக்கோ, தன் வலிமையைப் பெட்டியின்மேல் அச்சிட்ட எண்களாலன்றிப் பிறிதொன்றால் நமக்கு உணர்த்துவதில்லை. அவ்வெண்களுள் மெய்யாவன எவை, பொய்யாவன எவை, நமக்கு வேண்டுவன எவை என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

தமிழ் பயில்வானுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனச் சிலர் வினவக்கூடும். யான் பிறந்த புளியங்குடியைக் கண்டவர் அங்ஙனம் வினவார். இராசபாளையத்தினின்றும் தென்காசிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தது அவ்வூர். முன்பு திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்து, 2019-ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. எலுமிச்சைக்குப் பெயர்பெற்றது. மலையை ஒட்டிய தோட்டங்களுக்குக் காட்டுப்பன்றியும் சில காலங்களில் யானையும் இறங்கி வரும். மோட்டார் போடவும், வாய்க்காலை மடைமாற்றவும், வேலியைப் பார்க்கவும் இரவில் வரப்பின்மேல் நடப்போர் பலர். வரப்பிலோ கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் உண்டு. நள்ளிரவில், வீட்டிற்கும் கிணற்றிற்கும் இடையில், கையிலுள்ள விளக்கு திடீரென்று அவியுமாயின் அஃது எத்தகைய இடர் என்பதை நகரத்தார்க்கு விரித்துரைத்தல் வேண்டும், எம்மூரார்க்கு வேண்டா.

எம்மூரில் இதனைப் பேட்டரி லைட்டு என்பர். 'இரண்டு கட்டை', 'மூன்று கட்டை' என உள்ளிடும் கலங்களின் தொகையைக் கொண்டே முன்னாளில் அதன் அளவைக் கூறினர். அவ்வளவுமுறை நேர்மையானது, கட்டை மிகுந்தால் ஒளியும் மிகும். எல்.இ.டி. விளக்கு வந்த பின்னர் அம்முறை மறைந்துபோயிற்று. வெளியூரிற் கற்கும் பிள்ளைகளிடம் "வரும்போது நல்ல லைட்டாகப் பார்த்து வாங்கி வா" என்று பெரியப்பன்மார் பணம் கொடுத்தனுப்புவது வழக்கம். நல்ல லைட்டு எது என்பது கொடுத்தவர்க்கும் தெரியாது. வாங்கப் போனவனுக்கும் தெரியாது. கடைக்காரர்க்கோ பெட்டியிலுள்ள எண்ணே வேதம்.

இவ்விளக்கின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். குழாய்வடிவான மின்சாரக் கைவிளக்கிற்கு டேவிட் மிசெல் என்பார் அமெரிக்காவில் 1899-இல் காப்புரிமை பெற்றார். அந்நாளைய கலங்கள் தொடர்ந்து மின்சாரம் தரமாட்டாமையால் விளக்கு விட்டுவிட்டே ஒளிர்ந்தது. ஆங்கிலத்தில் அதற்கு மின்னொளி என்னும் பொருள்படப் பெயர் அமைந்ததும் அதனாலேயே என்பர். நூறாண்டுக் காலம் அதனுள் எரிந்தது மெல்லிய உலோக இழையே. இழை சிவக்கச் சூடேறினாலன்றி ஒளி தாராது; செலவழிந்த மின்னாற்றலிற் பெரும்பங்கு வெறும் வெப்பமாய்ப் போயிற்று. 1962-இல் நிக் ஹொலொன்யாக் என்பார் கண்ணுக்குப் புலனாகும் செவ்வொளி தரும் ஒளியுமிழ் இருமுனையத்தை ஆக்கினார். நீலவொளி தருவதை ஆக்க மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. அதனைச் செய்து முடித்த சப்பானிய அறிஞராகிய அக்கசாகி, அமானோ, நக்கமுரா ஆகிய மூவரும் 2014-இல் நோபல் பரிசு பெற்றனர். நீலத்திற்கு இத்துணைச் சிறப்பு ஏன் எனின், நீலவொளிச் சில்லின்மேல் மஞ்சள் ஒளி தரும் பூச்சொன்றைப் பூசியபோதுதான் வெள்ளொளி கிடைத்தது. நாம் இன்று கையில் ஏந்தும் விளக்கு அதுவே. அணைத்த விளக்கின் கண்ணாடிவழியே உள்ளே நோக்கின், அம்மஞ்சட் பூச்சைப் பலவற்றில் யாவரும் காணலாம்.

இனி எண்களுக்கு வருவாம். முதலில் வருவது லூமென். ஒரு விளக்கு எல்லாத் திசையிலுமாகப் பொழியும் ஒளியின் மொத்தத் தொகையே லூமென். பழைய இழைவிளக்கு ஒரு வாட்டு மின்சாரத்திற்குச் சுமார் 10 லூமென் தந்தது. நல்ல எல்.இ.டி. கைவிளக்கு, சுற்றிலும் ஆடியிலும் நேரும் இழப்பெல்லாம் போக, ஒரு வாட்டிற்கு 100 லூமெனும் அதற்கு மேலும் தருகின்றது. பத்து மடங்கு சிக்கனம் என்பது சிறிய செய்தியன்று. இச்சிக்கனத்தையே பொய்க்கும் கருவியாக்கிக்கொண்ட வணிகர் பலர் என்பதுதான் வருத்தத்திற்குரியது. கைப்பிடியளவான விளக்கின் பெட்டியில் 10,000 லூமென் என்றும், எட்டு மணி நேரம் எரியும் என்றும் அச்சிட்டிருத்தலைச் சந்தைகளிற் காண்கின்றோம். இது பொய்யென்று காட்ட விஞ்ஞானக்கூடம் வேண்டா. பெருக்கல் வாய்பாடு போதும்.

கணக்கு இது. இவ்வகை விளக்குகளில் இடப்படுவது பெரும்பாலும் 18650 என்னும் இலித்தியம் கலம். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது என்பதே அவ்வெண்ணின் பொருள். நல்ல கலமொன்று 3,500 மில்லி ஆம்பியர் மணி மின்சாரத்தைச் சுமார் 3.6 வோல்ட்டில் தரும். இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க, 12.6 வாட்டு மணி என வரும். இதுவே அக்கலத்தின் முதல். விளக்கு செய்யும் செலவெல்லாம் இம்முதலுள் அடங்கவேண்டும். வாட்டொன்றுக்கு 100 லூமென் எனக்கொண்டால், இம்முதலுக்கு 1,260 லூமென் மணி கிடைக்கும். 100 லூமென் ஒளியில் பன்னிரண்டரை மணி நேரம் எரியலாம். 300 லூமெனில் நான்கு மணி நேரத்திற்குச் சற்று மிகுதி. 1,000 லூமெனில் ஒன்றேகால் மணி நேரம். மிகச் சிறந்த விளக்காயின் இதனினும் சிறிது கூடும். ஒன்றரை மடங்கு எனக் கொள்ளலாம். அவ்வளவே.

பெட்டியிற் கண்ட 10,000 லூமெனை எட்டு மணியாற் பெருக்க 80,000 லூமென் மணி ஆகின்றது. அதற்கு 18650 கலங்கள் அறுபத்துநான்கு வேண்டும். அவற்றின் நிறை மட்டுமே ஏறக்குறைய மூன்று கிலோ! வணிகர், "எங்கள் விளக்கு புதுமுறையில் ஆனது, சிக்கனம் மிகுந்தது" என்பராயின், அதற்கும் விடை உண்டு. மனிதக் கண்ணுக்கு மிகப் பிரகாசமாய்த் தோன்றும் பச்சையொளியாகவே மின்னாற்றல் முழுவதும் துளியும் வீணாகாது மாறினாலும், ஒரு வாட்டு 683 லூமெனுக்கு மேல் தரமாட்டாது. இஃது இயற்கை வகுத்த வரம்பு. வெள்ளொளிக்கோ வரம்பு இன்னும் தாழ்ந்தது. அவ்வரம்பின்படி கணித்தாலும் ஒன்பது கலங்களுக்குமேல் வேண்டியிருக்கும். கடையிலோ ஒற்றைக் கலத்தை உள்ளிட்டுக் கொடுக்கின்றனர். ஆகவே, பெட்டியைக் கையிலெடுத்தவுடன் லூமெனையும் மணியையும் பெருக்கிப் பார்த்து, கலத்தின் முதலோடு ஒப்பிடுக. பொருந்தாவிடின் விளக்கைக் கீழே வைத்துவிடுக. வேறு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

நேர்மையான நிறுவனத்தாரின் எண்களிலும் ஒரு நுட்பம் உண்டு. கைவிளக்குகளை அளப்பதற்கென அமெரிக்காவில் 2009-இல் எஃப்.எல். 1 என்னும் அளவுமுறை வகுக்கப்பட்டது. பல நாட்டு நிறுவனங்களும் அதனைத் தழுவுகின்றன. விளக்கேற்றிய அரை நிமிடத்திற்குப் பின்னர்த் தொடங்கி ஒளியின் தொகையை அளக்கின்றனர். அவ்வொளி பத்திலொரு பங்காகக் குறையும்வரை சென்ற காலத்தை எரியுங்காலம் என்கின்றனர். எனவே, 1,000 லூமென் எனத் தொடங்கிய விளக்கு மூன்றாம் நிமிடத்திலேயே 300-க்கு இறங்கிப் பின் பல மணி நேரம் மங்கலாய் எரிந்தாலும், '1,000 லூமென், 5 மணி' என இரண்டையும் அருகருகே அச்சிடலாம், சட்டப்படி பொய்யன்று. இங்ஙனம் இறங்குவதற்குக் காரணம் வெப்பம். எல்.இ.டி. குளிர்ந்த விளக்கு என்பது பாதி உண்மை. அதன் ஒளியிற் சூடில்லை, முதுகில் உண்டு. மிகுந்த மின்னோட்டத்தில் அச்சூட்டைச் சிறிய குழாய் தாங்காது. தாங்காதென்று கண்டு நல்ல விளக்கு தானே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். அன்றியும், மின்னோட்டம் மிகமிகச் சில்லின் சிக்கனமும் குறையும். இருமடங்கு மின்சாரம் இருமடங்கு ஒளி தருவதில்லை. நம் கண்ணும், ஒளி இருமடங்கானால் அதனை இருமடங்காக உணர்வதில்லை. ஆதலின் உச்ச ஒளியைப் பார்த்து விலை கொடுத்தல் பெரும்பாலும் வீண். நடுத்தர ஒளியில் எத்துணை மணி நேரம் ஒரே சீராக எரியும் என்பதே கேட்கத்தக்க கேள்வி. காலத்திற்கேற்ப ஒளி குறைவதைக் காட்டும் வரைபடத்தைச் சில நிறுவனத்தார் கையேட்டிற் கொடுக்கின்றனர். அதனைக் கொடுப்பாரை ஒருபடி மிகுதியாக நம்பலாம்.

அடுத்தது காண்டெலா. மொத்த ஒளி எவ்வளவு என்பதை லூமென் கூறும். ஒரு திசையில் அது எத்துணைக் கூர்மையாய்க் குவிகின்றது என்பதைக் காண்டெலா கூறும். வாய்க்கால் நீரை வயல் முழுதும் பரப்பலாம்; குழாய்வழிச் செலுத்தித் தொலைவிற் பீச்சவும் செய்யலாம். நீர் ஒன்றே, பயன் வேறு. அவ்வாறே ஆடியின் ஆழமும் அகலமும் ஒளியின் போக்கை மாற்றுகின்றன. மேற்கூறிய அளவுமுறையில், விளக்கின் ஒளி முழுநிலவின் ஒளியளவாக, அஃதாவது 0.25 லக்ஸாகக் குறையுமிடமே அதன் எட்டும் தூரம். தூரம் இருமடங்கானால் ஒளி நாலிலொன்றாகும். எனவே 2,500 காண்டெலா விளக்கு 100 மீட்டர் எட்டும். 200 மீட்டர் எட்ட 10,000 காண்டெலாவும், 400 மீட்டர் எட்ட 40,000 காண்டெலாவும் வேண்டும். நிலவொளியில் ஓர் உருவம் நிற்பது தெரியும். அது மாடா, பன்றியா, மனிதனா என்பது தெரியாது. தெளிவாய்க் காண வேண்டுவோர் பெட்டியிற் கண்ட தூரத்திற் பாதியையே கணக்கிற் கொள்க.

தொலைவிற் பாயும் விளக்கையே யாவரும் விரும்புகின்றனர். தென்னையின் உச்சியில் ஒளி படுமாறு அடித்துக் காட்டினாற்றான் வாங்குவோர்க்கு மனநிறைவு. எலுமிச்சைத் தோட்டத்திலோ அவ்விளக்கு பயன்படாது. எலுமிச்சை உயர்ந்த மரமன்று. தாழ்ந்து கவிந்து முள்ளோடு நிற்பது. கூரிய ஒளிக்கற்றை முன்னுள்ள கிளையிற் பட்டு வெண்மையாய்த் திரும்பிக் கண்ணைக் கூசச் செய்யும், அக்கிளைக்குப் பின்னால் யாவும் இருளாய்விடும், காலடியும் தெரியாது. தோட்டத்துள் நடப்பார்க்கு வேண்டுவது, காலடி முதல் பதினைந்து இருபது மீட்டர் வரை பரந்து விழும் 100 அல்லது 150 லூமென் மென்மையான ஒளியே. சாரற் காலத்திலும் இங்ஙனமே. நெற்றியிற் கட்டும் விளக்கு இரு கைகளையும் மண்வெட்டிக்கு விட்டுக்கொடுப்பதாயினும், தூறலிலும் மூடுபனியிலும் கண்ணருகே ஒளி சிதறி முன்னுள்ளதை மறைக்கும். அப்பொழுது விளக்கை இடுப்பளவிற் பிடித்தால் நன்கு தெரியும். பூச்சிகளும் நெற்றி விளக்கைத் தேடி முகத்திலேயே வந்து மொய்க்கும்.

மலையோரத் தோட்டக்காரர்க்குத் தொலைவொளியும் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. தோட்டத்திற்குள் நுழையுமுன் எல்லையில் யானை நிற்கின்றதா என அறிய அது தேவை. ஆயின் அதன் பயன் காண்பதும் திரும்பிவிடுவதுமே. நெருங்கி நிற்கும் யானையின் முகத்தில் ஒளியை வீசி அதனை வெருட்டலாம் என்று எண்ணுதல் பேதைமை; கண் கூசிய யானை ஓடும் திசை நம் திசையாகவும் இருக்கலாம். கொள்ளி வீசிய கானவன் பரண்மேல் இருந்தான் என்பதை மறத்தலாகாது.

ஒளியின் நிறத்தைப் பற்றிப் பெட்டியில் 'கெல்வின்' என்னும் எண் காணப்படும். 2,700 அல்லது 3,000 எனின் பழைய குண்டு விளக்கைப்போல மஞ்சள் தோய்ந்த ஒளி. 4,000 முதல் 5,000 வரை நண்பகல் ஒளியை நோக்கிச் செல்வது. 6,500 எனின் நீலம் தோய்ந்த வெள்ளை. கடையிற் பார்க்க நீலவெள்ளையே பளிச்சென்றிருக்கும். சிக்கனமும் அதிலேதான் சிறிது மிகுதி. ஆயினும் நிறத்தை உள்ளபடி காட்டும் தன்மை வேறு ஓர் எண்ணால் அளக்கப்படுகின்றது. ஞாயிற்றின் ஒளியை 100 எனக் கொண்டு, விளக்கின் ஒளியில் நிறங்கள் எத்துணை உண்மையாய்த் தோன்றுகின்றன என்பதற்கு மதிப்பெண் இடுகின்றனர். மலிவான விளக்குகள் 70 பெறும். சிறந்தவை 90-க்கு மேற் பெறும். மதிப்பெண் உயர, ஒளியின் தொகை சிறிது குறையும். இவ்விழப்பை யான் மனமொப்பி ஏற்பேன். பழுத்த காயையும் செங்காயையும் பிரித்தறிதற்கும், இலையிற் கண்ட சொறிநோய்ப் புள்ளியை அடையாளங் காண்பதற்கும் நிறமே துணை. அதனினும் பெரியது, சருகுகளின்மேற் சுருண்டு கிடக்கும் விரியனைச் சருகினின்றும் பிரித்தறிவது. பழுப்பும் பழுப்பும் நீலவெள்ளை ஒளியில் ஒரே சாம்பலாய் மயங்குமிடத்து, நிறம் காட்டும் ஒளி ஒரு கணம் முன்னதாக அதனைக் காட்டுமாயின், அந்தக் கணத்திற்கு விலை கூற இயலுமோ?

விளக்கினுள் மின்னோட்டத்தைச் சீர்செய்யும் சுற்றொன்று உண்டு. மலிவான விளக்குகளில் அஃது இல்லை. கலம் தளரத்தளர ஒளியும் மங்கும். சுற்றுள்ள விளக்கு கடைசிவரை ஒரே சீராய் எரியும். ஆயின் முன்னறிவிப்பின்றி அவிந்துவிடவும் கூடும். ஆதலின் கலத்தின் நிலையைக் காட்டும் சிறுவிளக்கு பொத்தானருகே இருத்தல் நன்று. சில விளக்குகள் ஒளியைக் குறைப்பதற்கு விரைந்து அணைந்தணைந்து எரியும். கைப்பேசியின் படக்கருவியை அதன்முன் பிடித்தாற் கரிய வரிகள் ஓடக் காணலாம். மிகுதியாய் ஓடுவதை விலக்குக. கண்ணுக்கு அயர்வு தரும்.

கலத்தைப் பற்றியே மிகுதியும் எச்சரிக்கை வேண்டும். எம்மூர்ப் பக்கத்துக் கடைகளில் 'சார்ஜ் லைட்டு' என்று விற்பனவற்றுட் பலவற்றில் ஈயக் கலமே உள்ளது. அதனை முற்றும் தீரவிட்டுச் சில மாதம் மூலையில் வைத்துவிட்டால் பின் உயிர்பெறாது. பல வீடுகளிற் பரண்மேற் கிடக்கும் விளக்குகளின் கதை இதுவே. இலித்தியம் கலம் 1991-இல் விற்பனைக்கு வந்தது; அதனை ஆக்கிய அறிஞர் மூவர்க்கு 2019-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. குறைந்த நிறையில் மிகுந்த ஆற்றலைத் தாங்குவது அதன் சிறப்பு. அவ்வாற்றலே அதன் ஆபத்து. 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றினாலும், நசுங்கினாலும், இரு முனைகளும் உலோகத்தால் இணைந்தாலும் தீப்பற்றக் கூடும். சட்டைப்பையிற் சாவிக்கொத்தோடு தனிக்கலத்தை இட்டுச் செல்லுதல் தகாது. தகரக் கூரையிட்ட மோட்டார் அறையில் விளக்கை வைத்துவிட்டு வருதலும் தகாது. கோடை வெயிலில் அவ்வறையின் வெப்பம் கலத்தின் வாழ்நாளைக் குடிக்கும்.

18650 கலத்தின்மேல் 9,800 மில்லி ஆம்பியர் மணி என அச்சிட்டிருப்பின் அது பொய்யே. அவ்வளவுடைய கலத்தில் நல்லன 3,500-ஐ ஒட்டியே நிற்கின்றன. தராசில் இட்டும் பார்க்கலாம். மெய்யான கலம் 45 கிராமை ஒட்டி நிறுக்கும். 40-க்குக் கீழே பெரிதும் குறைந்தால் ஐயுறுக. இந்தியாவில் இவ்வகைக் கலங்களுக்கு ஐ.எஸ். 16046 என்னும் தர நியமப்படி பதிவு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அவ்வெண் அச்சிட்டிருக்கின்றதா என நோக்குக. கலத்தைக் கழற்றி மாற்றக்கூடிய விளக்கே சிறந்தது. கலம் சில ஆண்டுகளில் தளரும். சில்லு தளர நெடுங்காலமாகும். கலத்தை உள்ளேயே ஒட்டிவைத்த விளக்கை வாங்கினால், கலத்தோடு விளக்கையும் எறிய நேரும்.

நீர்க்காப்பைக் குறிக்கும் எழுத்துகளில், ஐ.பி.எக்ஸ். 4 என்பது தெறிக்கும் நீரைத் தாங்கும். 7 என்பது ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் தாங்கும். வாய்க்காலில் விழக்கூடிய விளக்கிற்கு 7 வேண்டும். மின்னேற்றும் துளையின் இரப்பர் மூடி இறுக்கமாய் இல்லாவிடின் அவ்வெண்ணாற் பயனில்லை. பொத்தான் ஒன்றே இருத்தல் நன்று. ஒருமுறை அழுத்தினால் நடுத்தர ஒளி வரவேண்டும். மண் படிந்த பெருவிரலுக்கு எட்ட வேண்டும். பன்னிரண்டு வகையாய் மின்னும் விளக்குகளை இளைஞர் விரும்பலாம். மடையடியில் நிற்கும் அறுபது வயதுப் பெரியவர், ஒளியைக் குறைக்கப் போய் மின்வெட்டும் ஒளியைக் கிளப்பிவிட்டுத் திண்டாடுதலைக் கண்டவர் அவ்வாறு விரும்பார். இருளுக்குப் பழகக் கண்ணிற்கு இருபது முப்பது நிமிடம் வேண்டும். ஒரு கண வெட்டொளி அதனை முற்றும் அழித்துவிடும். மிகச் சிறிய ஒளிநிலை ஒன்று விளக்கில் இருக்கவேண்டும் என்பதும் அதனாலேயே.

தோட்டத்துள் நடப்பவர் ஒற்றை 18650 கலமும், பரந்த ஒளியும், 4,000 முதல் 5,000 கெல்வின் நிறமும், 90 மதிப்பெண்ணும் உடைய விளக்கைக் கொள்க. எல்லை காப்பவர் அதனோடு 10,000 காண்டெலாவிற்குக் குறையாத இரண்டாவது விளக்கொன்றும் கொள்க. இரண்டையும் ஒன்றிற் புகுத்திய விளக்குகள் இரண்டையும் அரைகுறையாகவே செய்கின்றன என்பது என் கருத்து. கடையில் வாங்குங்கால், பகல் வெளிச்சத்திற் கூரையை நோக்கி அடித்துப் பார்த்தல் போதாது. கடையின் உள்ளறை இருட்டில், ஓர் எலுமிச்சம்பழத்தையும் அதன் இலையையும் ஒரு காய்ந்த சருகையும் கைந்நீளத் தொலைவில் வைத்து, நடுத்தர ஒளியிற் பார்க்க. மூன்றின் நிறமும் பிரிந்து தெரிய வேண்டும். பின் அதே ஒளியில் ஐந்து நிமிடம் எரியவிட்டுக் கையிற் பிடித்திருந்து, ஒளி மங்குகின்றதா, குழாய் பொறுக்க முடியாதவாறு சுடுகின்றதா எனப் பார்த்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுக்க.